49 பிட்டுகளில் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது: தாழ்வீதக் குரல் பரப்பில் பிழைதிருத்தம்

டிஎம்ஆர் என்ற தரநிலையில் இயங்கும் டிஜிட்டல் வாக்கி-டாக்கியில் பேசினால், ஒவ்வொரு 20 மில்லிவிநாடிப் பேச்சும் 49 பிட்டாகச் சுருங்குகிறது. அதனுடன், வழியில் நேரும் பிழையைக் கண்டு திருத்த உதவும் 23 சரிபார்ப்பு பிட்டுகள் சேர்ந்து 72 பிட் ஃபிரேம் ஆகிறது. விநாடிக்கு 50 ஃபிரேம். குரலுக்கு 2450 பிட், பாதுகாப்புக்கு 1150 பிட், ஆக 3600. அந்த 1150 பிட்டை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இங்கே பேசவேண்டிய விஷயம். கோப்பு அனுப்பப் பயன்படும் பிழைதிருத்த அறிவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் வேலைக்கு ஆகாது.

கோப்பில் ஒரு பிட் தவறினால் கோப்பே கெட்டது. ஆகவே எல்லா பிட்டும் சமம். தவறியதை மறுபடி கேட்டும் வாங்கலாம். பேச்சுக்கு இரண்டுமே பொருந்தாது. மறுபடி கேட்டு வாங்குவதற்குள் அந்த அசை கடந்து போயிருக்கும். பிட்டுகளும் சமமில்லை: சில தவறினால் காதுக்கே எட்டாது, சில தவறினால் பேச்சின் நடுவே உலோகத்தைக் கீறியதுபோல் ஒரு சத்தம் பாயும். அனலாக் ரேடியோவில் சிக்னல் தேயத் தேய இரைச்சல் கூடும். ஆனாலும் காது அதைத் தாண்டிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். தாழ்வீத கோடெக் (குரலைச் சில பிட்டுகளாகச் சுருக்கி விரிக்கும் நிரல்) அனுப்புவது ஒலியலையை அல்ல, குரலை மறுபடி கட்டுவதற்கான அளவுகளை. அளவு தவறாக வந்து சேர்ந்தாலும் கோடெக் தயங்காமல் அதிலிருந்து ஏதோ ஒரு குரலைக் கட்டிக் கொடுத்துவிடும்.

எனவே இந்தத் துறையில் ஒரு பிழைதிருத்த முறையை மூன்று கேள்விகளால் எடைபோட வேண்டும். எத்தனை பிழையைத் திருத்துகிறது? எந்த பிட்டைக் கைவிடலாம் என்று சரியாகத் தேர்ந்திருக்கிறதா? தான் தோற்றுவிட்டதைத் தானே அறிகிறதா? பாடநூல்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. காதில் விழும் தரத்தை அதிகம் தீர்மானிப்பது மூன்றாவது.

ஃபிரேமுக்குள் என்ன இருக்கிறது

டிஎம்ஆர் பயன்படுத்தும் ஏஎம்பிஇ பிளஸ் 2 கோடெக்கின் 49 பிட்டுகள் ஒன்பது அளவுகளாகப் பிரிகின்றன: சுருதிக்கு 7, எந்த அலைப்பட்டையில் ஒலிப்பு உண்டு, எதில் வெறும் காற்றொலி என்பதற்கு 5, ஒலியளவுக்கு 5, மீதி 32 பிட்டும் நிறமாலையின் வடிவத்துக்கு (9, 7, 5, 4, 4, 3). சுருதியின் 7 பிட் தரும் 128 மதிப்புகளில் 0 முதல் 119 வரைதான் உண்மையான சுருதி. 120 முதல் 123 வரை 'இந்த ஃபிரேம் அழிந்தது' என்று பொருள்; 124, 125 மௌனம்; 126, 127 தொனி. ஆக, சுருதியின் மேல் பிட்டுகளில் ஒன்று புரண்டால் குரல் உச்சத்துக்குத் தாவலாம், அல்லது பேச்சு ஃபிரேமே தொனி ஃபிரேமாக மாறி 'பீப்' என்று ஒலிக்கலாம்.

ஒலியளவில் வேறொரு சிக்கல். அனுப்பப்படுவது முழு மதிப்பல்ல, முந்தைய ஃபிரேமின் மதிப்பில் பாதியை எடுத்துக்கொண்டு அதன்மேல் கூட்டவேண்டிய வித்தியாசம். அதனால் ஒரு ஃபிரேமில் நேர்ந்த பிழை அடுத்ததில் பாதியாகவும், அதற்கடுத்ததில் கால்வாசியாகவும் தொடரும். வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது பிட்டை மிச்சப்படுத்தும். ஆனால் முந்தைய மதிப்பை முழுதாக எடுத்துக்கொண்டால் ஒரே பிழை பேச்சு முடியும்வரை ஒட்டிக்கொண்டே வரும். பாதியாகக் குறைப்பது அந்த நினைவை வேண்டுமென்றே கசியவிடும் வழி. தாழ்வீத கோடெக்கில் பிழைத்தாங்கு திறன் சரிபார்ப்பு பிட்டுகளுக்கு வெகு முன்பே, இந்த மாதிரி முடிவுகளில் தொடங்கிவிடுகிறது.

பிட்டுகளைப் பாதுகாப்புக்காகப் பங்கிட்ட விதம் இது: சுருதி, ஒலிப்பு, ஒலியளவு மூன்றிலும் மேல் 4 பிட்டுகள், ஆக 12, முதல் கோலே சொல்லில் (24,12) அமர்கின்றன; அதாவது 12 தகவல் பிட்டோடு சரிபார்ப்பு பிட்டுகள் சேர்ந்து 24 ஆகும், அவற்றில் எந்த மூன்று தவறினாலும் திருத்திவிடும் குறிமுறை. நிறமாலையின் முதல் அளவிலிருந்து 8 பிட்டும் இரண்டாவதிலிருந்து 4 பிட்டும் இரண்டாம் கோலே சொல்லில் (23,12). மீதி 25 பிட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. சுருதியின் கடைசி 3 பிட்டுகளும் அந்த அநாதைக் கூட்டத்தில்தான். அவை மூன்றும் ஒன்றாகத் தவறினாலும் சுருதி 7 படிக்கு மேல் நகராது. குரல் லேசாகத் தடுமாறும், அவ்வளவே.

ஏன் எல்லாவற்றையும் காப்பாற்றக் கூடாது

பாதிக்கும் மேற்பட்ட பிட்டை வெயிலில் விடுவது அநியாயமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் நியாயம் விளங்கும். 49 பிட்டையும் சமமாகக் காக்கும் ஒரு குறிமுறையை எடுத்துக்கொள்வோம். பிசிஎச் என்ற இன்னொரு பிழைதிருத்தக் குறிமுறையின் சுருக்கப்பட்ட (70,49) வடிவம் 21 சரிபார்ப்பு பிட்டோடு 3 பிழையைத் திருத்தும். செலவு ஏறத்தாழ அதே. காற்றில் 5% பிட் பிழை இருந்தால் 70 பிட்டில் சராசரியாக 3.5 பிழை விழும். மூன்றுக்கு மேல் விழ வாய்ப்பு 47%. அதாவது பாதி ஃபிரேம் காலி.

அதே 5% பிழையில் கோலே (24,12) சொல்லில் சராசரிப் பிழை 1.2 மட்டுமே. மூன்றைத் தாண்ட வாய்ப்பு 3%. இரண்டு முறைகளும் மூன்று பிழையைத்தான் திருத்துகின்றன. ஆனால் கோலேயின் மூன்று 24 பிட்டுக்குள் செயல்படுகிறது, பிசிஎச்சின் மூன்று 70 பிட்டுக்குள். பாதுகாப்பற்ற 25 பிட்டில் சராசரியாக 1.25 தவறும்; அதனால் குரல் சற்றுச் சொரசொரப்பாகும், சொல் புரியும்.

இதே கணக்கைப் பல பிழை வீதங்களுக்கு நீட்டினால் டிஜிட்டல் ரேடியோ ஏன் 'திடீரென்று' சாகிறது என்பதும் தெரிந்துவிடும். 1% பிழையில் முதல் கோலே சொல் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தோற்கும். 3%-இல் நான்கு விநாடிக்கு ஒருமுறை. 5%-இல் விநாடிக்கு ஒன்றரை முறை. 10%-இல் விநாடிக்குப் பத்து முறை, அதாவது ஐந்தில் ஒரு ஃபிரேம். ரேடியோ விவரத்தாள்களில் உணர்திறனை 5% பிட் பிழை வீதத்தில் குறிப்பிடுவது வழக்கம். பேச்சு இன்னும் பயன்படும் நிலையில் இருக்கும் விளிம்பு ஏறக்குறைய அங்கேதான்.

சரிபார்ப்பு பிட்டுகளுக்கு விலை உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி மாறாதபோது 2450 பிட்டுக்குப் பதில் 3600 பிட் அனுப்பினால் ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் ஆற்றல் 1.7 டெசிபல் குறைகிறது. குறிமுறை முதலில் அந்தக் கடனை அடைத்துவிட்டுத்தான் லாபம் காட்ட வேண்டும்.

புதிதாக ஒரு கோடெக்குக்குப் பாதுகாப்பு வகுப்பவர்கள் பிட்டுகளின் முக்கியத்துவத்தை ஊகிக்க வேண்டியதில்லை. ஆண், பெண் குரல்களில் சில நிமிடப் பேச்சைச் சுருக்கி, முதல் பிட் இடத்தை மட்டும் பத்து ஃபிரேமுக்கு ஒன்றில் புரட்டி விரித்துக் கேட்க வேண்டும். நிறமாலை எவ்வளவு விலகியது என்றும் அளந்துகொள்ளலாம். பிறகு இரண்டாம் பிட், மூன்றாம் பிட் என ஒவ்வொன்றாக. கிடைக்கும் வரிசையில் எங்கே சட்டென்று சரிவு வருகிறதோ அங்கே வெட்டு. எண் அளவீட்டை மட்டும் நம்பக் கூடாது: சுருதிப் பிழை நிறமாலை அளவீட்டில் சின்னதாகவும் காதில் பெரிதாகவும் விழும்.

நிறைகுறிமுறையின் குறை

மார்செல் கோலே 1949-இல் வெளியிட்ட (23,12) குறிமுறை கணிதத்தில் அழகானது. 23 பிட்டில் பிழையே இல்லாத நிலை 1, ஒரு பிழை 23 விதம், இரு பிழை 253 விதம், மூன்று பிழை 1771 விதம், கூட்டினால் 2048. 11 சரிபார்ப்பு பிட்டுகள் தருவதும் மிகச்சரியாக 2048 அடையாளங்கள். ஒன்றுகூட வீணாகவில்லை, அதனால் இதற்கு நிறைகுறிமுறை என்று பெயர். நிரலாகச் செய்வதும் எளிது: 2048 இடங்கொண்ட ஓர் அட்டவணை, ஒரே ஒரு தேடல்.

வீண் இல்லாததே இங்கே வம்பு. எந்த 23 பிட்டைக் கொடுத்தாலும் மூன்று மாற்றங்களுக்குள் ஏதோ ஒரு முறையான சொல் கிடைத்துவிடும். நான்கு பிழை விழுந்த சொல்லையும் அது 'திருத்தி' வேறொரு சொல்லாக்கி, தவறென்ற சாடையே இல்லாமல் நீட்டும். 'எனக்குத் தெரியவில்லை' என்ற விடை அதன் அகராதியில் இல்லை.

முதல் சொல்லில் மட்டும் 24-ஆவது பிட்டைச் சேர்த்தது இதற்காகத்தான். அந்த ஒற்றை இரட்டைப்படைச் சோதனை பிட் திருத்தும் திறனைக் கூட்டாது. ஆனால் நான்கு பிழைகளைக் கட்டாயம் கண்டுபிடித்துவிடும். 5% பிழையில் தோற்கும் 3% சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு சரியாக நான்கு பிழை கொண்டவை. ஒரு பிட் செலவில் பெரும்பாலான தோல்விகள் அடையாளம் காணப்படுகின்றன. இவ்வளவு மலிவான பேரம் இந்தத் துறையில் வேறெங்கும் இல்லை என்றே சொல்வேன்.

மீதியைப் பிடிக்க இன்னொரு தந்திரம் உண்டு. முதலில் பார்ப்பவர்களுக்கு இது குறியாக்க மறைப்பு என்றே படும். அனுப்பும்போது, முதல் சொல்லின் 12 தகவல் பிட்டை 16-ஆல் பெருக்கி விதையாக வைத்து, 173-ஆல் பெருக்கி 13849 கூட்டி 65536-ஆல் வகுத்த மீதியை எடுக்கும் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒவ்வொரு விடையின் உச்ச பிட்டும் சேர்ந்து ஒரு போலித் தற்செயல் வரிசை ஆகிறது. இரண்டாம் கோலே சொல்லின்மேல் அந்த வரிசையைப் போர்த்தி, அதாவது வரிசையில் 1 வரும் இடங்களில் சொல்லின் பிட்டைப் புரட்டி, அனுப்புகிறார்கள். பெறும் பக்கத்தில் முதல் சொல் சரியாகத் திருந்தியிருந்தால் அதே வரிசை கிடைத்துப் போர்வை கழன்றுவிடும். முதல் சொல் தவறாகத் திருந்தியிருந்தால் வேறு வரிசை கிடைக்கும். இரண்டாம் சொல் முழுக்கக் குப்பையாகும். குப்பையைத் திருத்த முயலும் கோலே, 2048-இல் 1771 தடவை, அதாவது 86%, மூன்று பிழை கண்டதாகச் சொல்லும், சராசரி 2.85. ஆக, திருத்தங்களின் எண்ணிக்கை திடீரென ஏறினால் முதல் சொல்லின் பொய் அம்பலமாகிறது. கூடுதல் பிட் ஒன்றுகூடச் செலவில்லை.

டிஎம்ஆரில் போர்வைக்குள் ஒரே ஒரு சொல் இருப்பதால் சாட்சி பலவீனம்: 5% பிழையில் நல்ல சொல்லே பத்துக்கு ஒருமுறை மூன்று பிழை காட்டிவிடும். பி25 என்ற இன்னொரு டிஜிட்டல் ரேடியோ தரநிலையின் முதல் கட்டத்தில் உள்ள ஐஎம்பிஇ கோடெக்கில் இதே தந்திரம் முழு வீச்சில் நடக்கிறது. அங்கே 88 பிட் குரல், 144 பிட் ஃபிரேம். நான்கு கோலே (23,12) சொற்கள், ஒரு பிழையை மட்டும் திருத்தும் மூன்று ஹாம்மிங் (15,11) சொற்கள், 7 பிட் பாதுகாப்பின்றி. முதல் சொல்லைத் தவிர்த்த ஆறும் போர்வைக்குள். முதல் சொல் தவறினால் அந்த ஆறும் சேர்ந்து சராசரியாக 11 திருத்தங்களைக் காட்டும். அதனால்தான் முதல் சொல்லில் 2 பிழையாவது இருந்து, மொத்தம் 10-ஐ எட்டினால் ஃபிரேமைக் கழித்துவிடச் சொல்கிறது தரநிலை. சமீபத்திய பிழை வீதம் உயர்ந்தால் அந்த 10 என்ற வரம்பும் உயரும்; இல்லாவிட்டால் மோசமான சிக்னலில் நல்ல ஃபிரேம்களும் சேர்ந்து பலியாகும்.

தோல்வி தெரிந்தபின்

ஃபிரேம் கெட்டது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேச்சு 20 மில்லிவிநாடியில் பெரிதாக மாறிவிடாது. முந்தைய நல்ல ஃபிரேமை மறுபடி ஒலித்தால் ஒன்றிரண்டு இழப்பை யாரும் கவனிக்கமாட்டார்கள். தொடர்ந்து இழந்தால் ஒரே உயிரொலி நீண்டு ரீங்காரமாகும். ஆகவே படிப்படியாகத் தணித்து மௌனமாக்க வேண்டும். ஜிஎஸ்எம் என்ற கைபேசி முறையின் முழுவீதக் குரலுக்கான பரிந்துரையில் முதல் இழப்புக்கு மறுஒலிப்பு, பின்னர் தணிப்பு, 320 மில்லிவிநாடிக்குள் முழு மௌனம். சட்டென்று மௌனமாக்குவதும் தவறு: விட்டுவிட்டு வரும் வெட்டுகள், மங்கிய குரலைவிடப் புரிவதற்குக் கடினம்.

ஜிஎஸ்எம் இதே தத்துவத்தை வேறு கருவிகளால் செய்தது. 260 பிட்டில் 50 பிட்டுக்கு 3 பிட் சிஆர்சி, அதாவது பிழை நேர்ந்ததா என்று மட்டும் சொல்லும் சோதனை. அந்த ஐம்பதோடு அடுத்த 132 பிட்டும் ஒரு பிட்டுக்கு இரண்டு பிட் அனுப்பும் அரைவீதக் கன்வல்யூஷன் குறிமுறைக்குள். கடைசி 78 பிட் வெறுமனே. மொத்தம் 456. டெட்ரா என்ற ரேடியோ தரநிலையிலும் மூன்று வகுப்புதான்: 30 மில்லிவிநாடிக்கு 137 பிட், அதில் 30 மிக முக்கியம், 56 நடுத்தரம், 51 பாதுகாப்பின்றி, இரண்டு ஃபிரேம் சேர்ந்து 432 பிட்டாக வெளியேறும், 8 பிட் சிஆர்சி முக்கிய வகுப்புக்கு மட்டும். அமெச்சூர் ரேடியோவின் டி-ஸ்டார் முறையில் விநாடிக்கு 2400 பிட் குரலும் 1200 பிட் பாதுகாப்பும். ராணுவத் தரமான 2400 பிட் மெல்ப் கோடெக்கோ சரிபார்ப்புக்கென்று தனியாக எதுவும் ஒதுக்கவில்லை. ஆனால் 54 பிட் ஃபிரேமில் காற்றொலி வரும்போது ஒலிப்பு தொடர்பான அளவுகள் தேவையில்லாமல் போக, மிஞ்சும் 13 பிட்டை மூன்று ஹாம்மிங் (7,4) சொற்களுக்கும் ஒரு (8,4) சொல்லுக்கும் கொடுத்துவிடுகிறது. காலி இடத்தைக் கூட விடவில்லை.

குரலோடு பயணிக்கும் கட்டுப்பாட்டுத் தகவலுக்கு இந்தச் சலுகை ஒன்றும் கிடையாது. யார் பேசுகிறார்கள், எந்தக் குழு என்பதை முந்தைய மதிப்பைக் கொண்டு ஊகித்து ஒப்பேற்ற முடியாது. அதனால் டிஎம்ஆரில் அழைப்பின் தலைப்புக்கு 96 பிட்டை 196 ஆக்கும் குறுக்கும் நெடுக்குமான ஹாம்மிங் பாதுகாப்பு. குரல் புரியாமல் போனபின்பும் திரையில் அழைப்பவர் எண் சரியாகத் தெரிவது இதனால்தான்.

மங்கல்: குறிமுறைக்கு வெளியே உள்ள எதிரி

மேலே போட்ட கணக்கெல்லாம் பிழைகள் தனித்தனியே, சீராகத் தூவப்பட்டதாக நினைத்துப் போட்டவை. நகரும் வண்டியில் அப்படி வராது, கொத்தாக வரும். காரணம் மங்கல்: இடம் மாறும்போது சிக்னல் சிறிது நேரம் தேய்ந்து மீள்வது. 435 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 69 சென்டிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், சராசரியைவிட 10 டெசிபல் கீழே இறங்கும் ஒரு மங்கல் சராசரியாக 5.5 மில்லிவிநாடி நீடிக்கும். விநாடிக்கு 9600 பிட் செல்லும் டிஎம்ஆரில் அது 53 பிட். ஒரு குரல் ஃபிரேமின் 72 பிட்டும் காற்றில் 7.5 மில்லிவிநாடியே இருக்கும். ஆக, ஒரு மங்கல் ஒரு ஃபிரேமின் முக்கால் பாகத்தை விழுங்கும். ஃபிரேமுக்குள் பிட்டுகளை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் பயனில்லை. ஒரு சின்ன விதிவிலக்கு: ஒரு வெடிப்பில் (ஒரே மூச்சில் அனுப்பப்படும் தொகுதியில்) உள்ள மூன்று ஃபிரேம்களில் நடுவில் உள்ளது, தொகுதியின் இடத்தைப் பெறும் கருவிக்குக் காட்டும் ஒத்திசைவு பிட்டுகளால் இரண்டாகப் பிளந்து 12.5 மில்லிவிநாடியில் பரவியிருப்பதால் சற்று அதிர்ஷ்டசாலி.

நடந்து செல்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் அதே மங்கல் 76 மில்லிவிநாடி இழுக்கும். நான்கு ஃபிரேம் சேர்ந்தே போகும். பேச்சு அறுந்தால் கால் அலைநீளம், ஒரு சாணுக்குக் குறைவாக, நகர்ந்து நிற்பது எந்தக் குறிமுறையைவிடவும் பலன் தரும்.

ஜிஎஸ்எம் ஒவ்வொரு ஃபிரேமையும் எட்டு வெடிப்புகளில் பரப்பியது. அலைவரிசைத் தாவலும் சேர்ந்தால் ஒரு மங்கல் எட்டில் ஒரு பங்கைத்தான் தொடும். அதற்கு விலை தாமதம். ஹெச்எஃப் (சிற்றலை) அலைவரிசைகளில் மங்கல் விநாடிக்கணக்கில் நீள்வதால் காலத்தில் பரப்பித் தீர்க்கவேண்டுமென்றால் பல விநாடித் தாமதம் வேண்டும், உரையாடலுக்கு உதவாது. அங்கே பல துணைச்சுமைகளில், அதாவது அலைவெண்ணில் பரப்புவதே வழி.

கடினமான முடிவு, மென்மையான முடிவு

பழைய சில்லுகள் வந்த சிக்னலை 0 அல்லது 1 என்று வெட்டிவிட்டுத்தான் கோலேயிடம் கொடுத்தன. விளிம்பில் தத்தளித்த பிட்டும் திண்ணமான பிட்டும் ஒன்றாகிவிடும். 'இது 1, ஆனால் பாதி நம்பிக்கைதான்' என்ற தகவலையும் சேர்த்துக் கொடுத்தால், அதாவது சாஃப்ட் டிசிஷன் முறையில், இரைச்சல் மட்டுமே உள்ள பாதையில் ஏறத்தாழ 2 டெசிபல் மிச்சம். ஒளிபரப்பும் பக்கத்தில் எதையும் மாற்றவேண்டாம். கோலேயின் 4096 சொற்களையும் வந்த 24 மதிப்புகளோடு ஒப்பிட்டு மிகப் பொருந்துவதை எடுப்பது முரட்டு வழிதான். ஆனால் விநாடிக்கு 50 ஃபிரேமுக்கு 49 லட்சம் கூட்டல்களே ஆகும். இன்றைய சிறிய மைக்ரோகன்ட்ரோலருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இந்த முறையில் எந்தச் சொல்லையும் அது மறுக்காது என்பதால், முதலிடம் பெற்றதற்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியைத் தோல்வி அறிகுறியாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

திறந்த மூல ரேடியோ தரநிலையான எம்17, கோடெக்2 என்ற திறந்த மூல கோடெக்கின் 3200 பிட் வடிவத்தை எடுத்து, 40 மில்லிவிநாடிக்கு 128 குரல் பிட், 16 பிட் ஃபிரேம் எண், 4 முடிவு பிட் ஆகியவற்றைக் கன்வல்யூஷன் குறிமுறையில் 296 ஆக்கி, அதிலிருந்து 24-ஐ நீக்கி 272 ஆக அனுப்புகிறது. எல்லா பிட்டுக்கும் சமப் பாதுகாப்பு; கன்வல்யூஷன் குறிமுறையை விடுவிக்கும் விட்டர்பி முறையில், மென்மையான முடிவோடு விடுவிப்பது அதன் பலம்.

ஹெச்எஃப் அலைவரிசைகளுக்கான டிஜிட்டல் குரல் முறையான ஃப்ரீடிவி 700டி இன்னும் தீவிரம். டேவிட் ரோவின் கோடெக்2 700சி, 40 மில்லிவிநாடிக்கு 28 பிட்தான் தருகிறது. நான்கை ஒன்றாக்கி 112 பிட், அதை 224 ஆக்கும் எல்டிபிசி (224,112) என்ற குறிமுறை, 160 மில்லிவிநாடி ஃபிரேம். 3 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் மைனஸ் 2 டெசிபல் சிக்னல்-இரைச்சல் விகிதம்வரை தாங்குகிறது. இங்கே ஏன் முக்கியம், முக்கியமில்லை என்ற பாகுபாடு இல்லை? 28-இல் 18 பிட்டுகள் தலா 9 பிட் கொண்ட இரு வெக்டர் குறியெண்கள். 512 வடிவங்களில் எத்தனையாவது என்பதைச் சொல்லும் எண்ணில் மேல் பிட், கீழ் பிட் என்ற ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் கிடையாது. எது தவறினாலும் வேறொரு வடிவம். சுருக்கம் கூடக்கூட, கைவிடத் தகுந்த பிட்டுகள் தீர்ந்துபோகின்றன. எல்டிபிசி நீண்ட தொகுதிகளில் ஒளிரும் குறிமுறை. செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் ஒரு தொகுதி 64,800 பிட். 224 பிட்டில் அதன் முழுத்திறமை வெளிப்படாது. நீட்டினால் தாமதம். தோற்றால் 160 மில்லிவிநாடி மொத்தமாகப் போகும். 80 மில்லிவிநாடி ஃபிரேமும் (112,56) குறிமுறையும் கொண்ட 700ஈ, வேகமாக மங்கும் பாதைகளுக்காக அந்தச் சமரசத்தைச் சற்று இந்தப் பக்கம் நகர்த்தியது.

கருவியில் எங்கே கெடுகிறது

பிழை வீதம் அதிகம் என்றதும் குறிமுறையைச் சந்தேகிப்பதற்கு முன் அலைவெண் விலகலைப் பார்க்க வேண்டும். டிஎம்ஆர் இரண்டிரண்டு பிட்டாக, நான்கு அலைவெண் நிலைகளில் ஒன்றாக அனுப்புகிறது. அந்த நிலைகள் மையத்திலிருந்து 648 (உள்நிலை), 1944 (வெளிநிலை) ஹெர்ட்ஸ் விலகல்களில் இருபுறமும் உள்ளன. 435 மெகாஹெர்ட்ஸில் படிகம் பத்து லட்சத்துக்கு 1.5 பங்கு விலகினாலே 650 ஹெர்ட்ஸ்; உள்நிலை ஒன்று சுழியத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிடும். ஒத்திசைவுச் சொல்லில் வெளிநிலைகள் மட்டுமே வருவதால் அவற்றின் சராசரியிலிருந்து விலகலையும் நிலைகளின் இடைவெளியையும் கணக்கிட்டுத் திருத்தலாம். ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் மலிவான ஹாட்ஸ்பாட்களில் சில நூறு ஹெர்ட்ஸ் ஆஃப்செட் கொடுத்ததும் பிழை வீதம் குறைவது இதனால்தான்.

சிக்னல் தலைகீழாக வந்தால் அறிகுறி விநோதம். டிஎம்ஆரின் குரல் ஒத்திசைவும் தரவு ஒத்திசைவும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆகவே குரல் வெடிப்பு தரவாகத் தோன்றும், ஒத்திசைவு 'கிடைத்துக்கொண்டே' இருக்கும், குரல் மட்டும் வராது. நான்கு நிலைகளில் ஒவ்வொரு குறியும் சுமக்கும் இரண்டு பிட்டுகளும் சமமல்ல என்பதும் நினைவிருக்கட்டும்: மையத்துக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் பிட்டைவிட, வெளிநிலையா உள்நிலையா என்று சொல்லும் பிட் இரு மடங்கு தவறும். முக்கிய பிட்டுகளை முதல் வகையில் வைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

நிரல் எழுதுவோருக்கு 2.85 என்ற எண் நல்ல துணை. சுத்தமான சிக்னலில் முதல் கோலே சொல் பிழையே காட்டாமல், இரண்டாவது சராசரியாக 2.85 காட்டினால் போர்வை தவறு: விதையின் பிட் வரிசை புரண்டிருக்கலாம், அல்லது வரிசை ஒரு இடம் முன்பின் தள்ளித் தொடங்கியிருக்கலாம். இரண்டுமே அப்படிக் காட்டினால், ஃபிரேமுக்குள் பிட்டுகளைக் கலைத்து அடுக்கும் வரிசையின் அட்டவணை தவறு.

திருத்தங்களை எண்ணிப் பிழை வீதமாகக் காட்டும் கருவிகளையும் இதே எண்ணை வைத்துத்தான் படிக்க வேண்டும். மூன்று ஃபிரேமில் பாதுகாக்கப்பட்ட 141 பிட்டில் எத்தனை மாறின என்பதே அந்த எண். வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் அது 12, 13 சதவீதத்தில் நின்றுவிடும். உண்மையில் அப்போது பாதி பிட் தவறு. 3% வரை நம்பலாம். 8% என்று காட்டினால் அதைவிட மோசமென்று கொள்ள வேண்டும்.

சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர்களில் நடப்பது இன்னும் நுட்பமான கேடு. வந்த ஃபிரேமின் கோலே சொற்களைத் திருத்தி, புதிதாகச் சரிபார்ப்பு பிட்டுகளைக் கணக்கிட்டு அனுப்புகிறது. பாதுகாப்பற்ற 25 பிட்டின் பிழைகள் அப்படியே கடந்துபோய், அடுத்த தாவலின் (ரிப்பீட்டரிலிருந்து அடுத்த ரேடியோ வரையிலான பயணத்தின்) பிழைகளோடு சேர்ந்துகொள்ளும். முதல் சொல் தவறாகத் திருத்தப்பட்டிருந்தால் ரிப்பீட்டர் அதற்கேற்ற போர்வையைப் புதிதாகப் போர்த்தி, குறையற்ற சொல்லாக்கிவிடும். மறுமுனை ரேடியோ பிழை சுழியம் என்று காட்டிக்கொண்டே கீறல் சத்தத்தை ஒலிக்கும். மறுஒலிப்பு, தணிப்பு எதுவும் தூண்டப்படாது. அதனால் திருத்தங்களின் எண்ணிக்கை சந்தேகத்துக்கிடமானால் ரிப்பீட்டர் அந்த ஃபிரேமைத் திருத்தி அனுப்பாமல், சுருதி மதிப்பு 120 கொண்ட 'அழிந்தது' ஃபிரேமாக மாற்றி அனுப்ப வேண்டும். இணையம் வழியாக இணைக்கும் அமைப்புகளில் இன்னும் ஒருபடி போகலாம்: ஒவ்வொரு ஃபிரேமோடும் ஒரு பைட் சேர்த்து முதல் தாவலில் கண்ட திருத்த எண்ணிக்கையைக் கடத்தினால், கோடெக் இருக்கும் கடைசி முனையே அந்த ஃபிரேமை ஒலிப்பதா விடுவதா என்று முடிவுசெய்யும்.